பெருமாள் கோயிலுக்குப் போன துப்பாக்கி

பெரம்பலூர் நாலு ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் அண்ணன் கேட்ட முதல் கேள்வி, "சாப்டியா பாப்பா?" இரண்டாவது கேள்வி, "துப்பாக்கியப் பத்தி உனக்கு எதாச்சும் தெரியுமா?"

நான் ஹூஸ்டனில் நர்ஸ். ஒன்பது வருஷமாக அங்கே ஓர் ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் வேலை பார்க்கிறேன். துப்பாக்கியைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் குண்டு உடம்புக்குள் போன பிறகு நடக்கிற சமாச்சாரம்தான்.

"சுட்டதுக்கு அப்பறம் என்ன செய்யணும்னு தெரியும்ணே."

"அது வேணாம். நான் சுடறதுக்கு வாங்கல. நிக்கறதுக்கு வாங்குறேன்."

விஷயம் இதுதான். என் அண்ணன் கலியபெருமாள் பட்டாளத்தில் பதினேழு வருஷம் இருந்து ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். பெரம்பலூரில் ஒரு வங்கியில் கன்மேன் வேலைக்கு அவரை எடுத்துக்கொள்ளச் சம்மதித்திருந்தார்கள். ஆனால் வங்கி துப்பாக்கி தராது. ஆளே சொந்த லைசென்சும் சொந்தத் துப்பாக்கியும் கொண்டுவர வேண்டும். லைசென்ஸ் கைக்கு வந்துவிட்டது. அடுத்த புதன்கிழமை காலை துப்பாக்கியோடு போய் நின்றால் வேலை. நிற்காவிட்டால் வரிசையில் அடுத்த மாஜி ராணுவத்தாருக்கு ஆள் அனுப்பிவிடுவார்கள். பத்து நாள் லீவில் சொந்தபந்தத்தைப் பார்க்க வந்தவள் நான். வந்த இடத்தில் துப்பாக்கி வாங்க அலைய வேண்டும் என்று என் தலையில் எழுதியிருந்தது.

முதல் நாள் முழுக்க பெரம்பலூர். 2007 டிசம்பர், மழை விட்டும் விடாமலும் தூறிக்கொண்டிருந்தது. லைசென்ஸ் புத்தகத்தில் துப்பாக்கி வாங்க ஒரு கெடு உண்டு. அது அந்த வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. அதை நீட்டித்து ஒரு முத்திரை வாங்க வேண்டும். கலெக்டர் ஆபீசில் இருந்த அம்மா அண்ணனின் விலாசத்தைப் பார்த்ததும் புத்தகத்தைத் திருப்பி நீட்டினார்.

"ரெட்டிபாளையம் பக்கமா? அப்ப நீங்க அரியலூர் மாவட்டம். ஃபைலெல்லாம் அங்க அனுப்பியாச்சு."

"போன மாசம் வரைக்கும் இங்கதானேங்க இருந்துச்சு?"

"போன மாசம் நீங்களும் இங்கதான் இருந்தீங்க."

அந்த அம்மா சொன்னதில் தப்பில்லை. அரியலூரை ஒரு தடவை தனி மாவட்டமாக்கினார்கள். அப்புறம் வேண்டாமென்று பெரம்பலூரோடு ஒட்டினார்கள். இப்போது மறுபடி பிரித்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. புருஷன் வீட்டுக்கும் அம்மா வீட்டுக்கும் பெட்டி தூக்கும் புதுப்பெண் மாதிரி எங்கள் ஃபைல்கள் இரண்டு ஊருக்கும் நடுவே லாரியில் போய்வந்துகொண்டிருந்தன.

வெளியே வந்து பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஓட்டலில் சின்ன வெங்காய ஊத்தப்பம் சாப்பிட்டோம். பெரம்பலூர் வெங்காயத்துக்கு ஈடு உலகத்தில் எங்கேயும் கிடையாது. ஹூஸ்டனில் கிரிக்கெட் பந்து அளவுக்கு ஒரு வெங்காயம் விற்கிறான். கண்ணில் தண்ணிகூட வராது. வெங்காயம் என்றால் கொஞ்சமாவது அழவைக்க வேண்டாமா?

மறுநாள் அரியலூர். வழியில் சுண்ணாம்புக்கல் லாரி ஒன்று ரோட்டுக்குக் குறுக்கே மக்கர் பண்ணி நின்றதில் பஸ் ஒன்றரை மணி நேரம் நகரவில்லை. ஆபீஸ் போய்ச் சேர்ந்தபோது குமாஸ்தா சாப்பாட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். தரையில் கயிறு கட்டிய மூட்டை மூட்டையாக ஃபைல். "இதுல எங்க இருக்குன்னு அந்தக் கலியுக வரதராஜப் பெருமாளுக்குத்தான் தெரியும். மூணு மணிக்கு வாங்க" என்றார்.

மூன்று மணி வரை என்ன செய்வது? எதிரே ஒரு பிரவுசிங் சென்டர் இருந்தது. அண்ணனுக்கு ஒரு ஆசை வந்துவிட்டது. "அமெரிக்காவுல இதுலயே துப்பாக்கி வாங்குறாங்களாமே. காட்டு பாப்பா, பாப்பம்."

ஆளுக்கொரு முக்காலியில் உட்கார்ந்தோம். படம் மேலேயிருந்து கீழே ஒவ்வொரு கோடாக இறங்கியது. முதலில் குழாய், அப்புறம் விசை, கடைசியில் மரப்பிடி. பக்கத்தில் விலை, அதற்குக் கீழே "கூடையில் போடு" என்று ஒரு பொத்தான்.

அண்ணன் அந்தப் பொத்தானையே பார்த்துக்கொண்டிருந்தார். "இதுல அமுக்குனா போஸ்ட்மேன் கொண்டாந்து குடுத்துட்டுப் போயிருவாரா?"

"இல்லண்ணே. அந்த ஊர்ல இருக்கிற ஒரு துப்பாக்கிக் கடைக்கு வரும். அங்க போயி ஃபாரம் எழுதி வாங்கிக்கணும்."

"கடைக்காரரு இந்த ஆளப் பத்தி யாருகிட்ட விசாரிப்பாரு?"

"கம்ப்யூட்டர்கிட்ட."

"கம்ப்யூட்டருக்கு இவனத் தெரியுமா?"

நான் சிரித்துவிட்டேன். ஆனால் அந்தக் கேள்வி மண்டைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. ஹூஸ்டனில் என்னோடு வேலை பார்க்கும் ஒருத்தி, டியூட்டி முடிந்து என்னையும் காரில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்குப் போகும் வழியில் ஒரு பெரிய கடையில் நாய்க்குத் தீனி வாங்க நிறுத்தினாள். பால், டயாப்பர், தூண்டில், அதற்கு அடுத்த வரிசையில் கண்ணாடிக்குள் துப்பாக்கி. பார்த்தாள், பிடித்திருந்தது, ஒரு ஃபாரம் எழுதினாள், கடைக்காரர் யாருக்கோ போன் பண்ணினார், முடிந்தது. அவ்வளவு நேரமும் நாய்த்தீனி மூட்டையைத் தூக்கிக்கொண்டு நின்றவள் நான். எங்கள் வீட்டில் ரேஷன் கார்டில் ஒரு பேர் சேர்க்க அதைவிட ஐம்பது மடங்கு நேரம் ஆனது.

இன்னொன்றும் ஞாபகம் வந்தது. அண்ணனிடம் சொல்லவில்லை. பத்தொன்பது வயசுப் பெண் ஒருத்தியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். சுட்டவன் அவளோடு வாழ்ந்தவனே. அவனுக்கும் காயம், அடுத்த கட்டிலில் கிடந்தான். அவன் சட்டைப் பையில் இருந்து போலீஸ்காரர் கடை ரசீதை எடுத்து மேஜைமேல் வைத்தார். ஒரே ரசீதில் பாலும் ரொட்டியும் ஒரு பெட்டித் தோட்டாவும் இருந்தன. அந்தப் பெண் விடிவதற்குள் செத்துப்போனாள். அன்றைக்கு நான் நினைத்தேன், எங்கள் ஊரில் இப்படி முடியாது, எங்கள் ஊரில் ஆயிரம் பேரைக் கேட்டுத்தான் ஒருத்தன் கையில் துப்பாக்கியைக் கொடுப்பார்கள் என்று. பெருமையாகத்தான் நினைத்தேன். பொய் சொல்வானேன்.

மூன்றரை மணிக்கு ஃபைல் கிடைத்தது. முத்திரை விழுந்தது. "வாங்குனதும் திங்கக்கெழம கொண்டாந்து காட்டிருங்க" என்றார் குமாஸ்தா. அந்த ஃபைலின் கனத்தைப் பார்த்தேன். கிராம நிர்வாக அதிகாரி, வருவாய் ஆய்வாளர், தாசில்தார், போலீஸ், டாக்டர், பட்டாளம் என்று எல்லோரும் எழுதியிருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை வீட்டில். அண்ணிக்குச் சொந்த ஊர் செட்டிகுளம். பிறந்த வீட்டிலிருந்து வந்த வெங்காயத்தை உரித்துக்கொண்டே லைசென்சுக்காக ஊரில் விசாரணை நடந்த கதையைச் சொன்னார்.

"தலையாரியும் போலீசும் வந்து ஊருக்குள்ள வூடு வூடா கேட்டாங்க பாப்பா. கலியபெருமாளுக்குத் துப்பாக்கி குடுக்கலாமா, ஆட்சேபண உண்டான்னு."

"நம்ம தெருவுலயா?"

"நம்ம தெருவுல ஏன் கேக்கறாங்க? ஊர்த்தெருவுலதான்."

எங்கள் தெரு ஊருக்கு வெளியே இருக்கிறது. எங்கள் அப்பா தலைமுறை வரைக்கும் ஊர்த்தெருக்காரர்களின் காட்டில் கூலிவேலைதான். இப்போது எங்கள் தெருவில் சிமெண்டு ஃபேக்டரியில் வேலை பார்ப்பவர் இருக்கிறார், டிரைவர் இருக்கிறார், வாத்தியார் இருக்கிறார், அமெரிக்காவில் நர்ஸாக நான் ஒருத்தி இருக்கிறேன். ஆனாலும் பட்டாளத்திலிருந்து வந்த என் அண்ணனை ஊர்த்தெருவில் இன்றைக்கும் "டேய் கலியா" என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

"என்ன சொன்னாங்களாம்?"

"ஆட்சேபண இல்லன்னுட்டாங்க. பெரிய வூட்டுக்காரரு சிரிச்சாராம். அவனுக்கு எங்க கெடைக்கப்போவுது, எழுதிக்கங்கன்னாராம்."

எனக்குச் சுருக்கென்றது. ஆயிரம் பேரைக் கேட்கும் ஊர் என்று பெருமைப்பட்டதை முந்தின நாள்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த ஆயிரம் பேர் யார் என்று யோசிக்கவில்லை. கம்ப்யூட்டருக்கு ஆளைத் தெரியாது. எங்கள் ஊருக்கு ஆளையும் தெரியும், ஆளின் தெருவையும் தெரியும். இதில் எது தேவலை?

சனிக்கிழமை விடியற்காலை நான், அண்ணன், அண்ணி மூன்று பேரும் திருச்சிக்குப் போனோம். துப்பாக்கிக் கடை என்றால் பெரிய இடமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். இரண்டு பாத்திரக் கடைக்கு நடுவே ஒரு சின்னக் கதவு, உள்ளே நீட்டமான ஒரு அறை. கடைக்காரருக்கு எழுபது வயசு இருக்கும். எங்கள் ஆபீசுகளைவிட மோசமாக லைசென்சைப் பரிசோதித்தார். பக்கம் பக்கமாகப் புரட்டினார், முத்திரையை வெளிச்சத்தில் பிடித்தார், புகைப்படத்தையும் அண்ணனையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம் ஒரு இரட்டைக்குழல் துப்பாக்கியை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

அண்ணன் அதைத் தொட்டவிதம் எனக்குப் புதுசாக இருந்தது. மடக்கித் திறந்து, இரண்டு குழலையும் ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து உள்ளே பார்த்தார். விரல் விசைப் பக்கம் போகவே இல்லை. முனை ஒரு தடவைகூட எங்கள் யார் மேலும் திரும்பவில்லை.

"எந்த ரெஜிமெண்டுங்க?" என்றார் கடைக்காரர். அதுவரை "சார்" என்று ஒப்புக்குச் சொன்னவர், உடனே டீ சொல்லி அனுப்பினார். அத்தனை பேர் எழுதிய ஃபைல் சொல்லாததை அந்த மனுஷர் இரண்டு நிமிஷத்தில் தெரிந்துகொண்டார்.

துணி உறையில் போட்டு ஜிப்பை இழுத்துக்கொண்டு பஸ் ஏறினோம். கண்டக்டர் உறையைப் பார்த்துவிட்டு, "என்னங்க, நாதஸ்வரமா? எந்த ஊரு கச்சேரி?" என்றார்.

"துப்பாக்கிங்க" என்றார் அண்ணன், மரியாதையாக.

கண்டக்டர் சிரித்தார். அண்ணன் லைசென்சைக் காட்டியதும் சிரிப்பு நின்றது. "அப்ப லக்கேஜ் டிக்கெட் வேணாங்க" என்று சொல்லிவிட்டு முன்பக்கம் போனவர் அரியலூர் வரை எங்கள் பக்கம் வரவே இல்லை. நடுவழியில் டயர் பஞ்சராகி எல்லோரும் இறங்கி வேப்பமரத்தடியில் நின்றோம். முன்சீட்டில் வந்த பெரியம்மா ஒருவர் அண்ணனிடம், "தம்பி, எங்க காட்டுல மயிலு அட்டகாசம் தாங்கல. ஒரு எட்டு வந்துட்டுப் போறியா?" என்று கேட்டார். மயிலைச் சுட்டால் ஜெயில் என்று அண்ணன் விளக்கினார். "அப்ப அத எதுக்குத் தூக்கிக்கிட்டு அலையற?" என்று கேட்டார் அந்தம்மா.

அரியலூரில் ஆட்டோ பிடித்தோம். அப்போதுதான் அண்ணி வாயைத் திறந்தார்.

"கல்லங்குறிச்சிக்கு வுடச் சொல்லுங்க. வேண்டியிருக்கேன். பெருமாள்கிட்ட காட்டாம வூட்டுப்படி ஏத்த மாட்டேன்."

எங்கள் பக்கத்து வழக்கம் அது. முதல் அறுப்பு நெல், முதல் கன்னுக்குட்டி, புது டிராக்டர் எல்லாம் கல்லங்குறிச்சிக் கலியுக வரதராஜப் பெருமாளிடம் போய்விட்டுத்தான் வீட்டுக்கு வரும். அண்ணனுக்கே அந்தப் பெருமாள் பேர்தான். அண்ணி கேட்டதில் யாருக்கும் ஆச்சரியம் இல்லை. ஆனால் அண்ணன் வேண்டாமென்று தலையை ஆட்டினார்.

"சனிக்கெழம, கூட்டமா இருக்கும். லைசென்சுல போட்டிருக்கு, கோயில் திருவிழா, கூட்டமான எடத்துக்கெல்லாம் கொண்டு போவக்கூடாதுன்னு. வூட்ல வெச்சுட்டு வந்து கும்பிடுவோம்."

"அப்பறம் என்னத்தக் காட்டுறது? ரசீதையா?" என்றார் அண்ணி. கண் கலங்கிவிட்டது.

இந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். எனக்கு அந்தப் பழக்கம் இல்லை. "என்னண்ணே நீ, பெரிய சட்டம் பேசற! நான் இருக்கிற ஊர்ல இடுப்புல சொருகிக்கிட்டு பரோட்டாக் கடைக்குப் போற மாதிரி போறான். உறைக்குள்ள கெடக்கறத யாரு பாக்கப்போறா? ஆட்டோவத் திருப்புங்கண்ணே!" கடைசி வாக்கியம் ஆட்டோக்காரருக்கு. அவரும் திருப்பிவிட்டார்.

கோயிலில் நல்ல கூட்டம். நாங்கள் உள்ளே போகவில்லை. வெளியே வண்டிகளுக்குப் பூஜை போடும் இடத்தில், புது பைக் ஒன்றுக்கும் மினி லாரி ஒன்றுக்கும் நடுவில் அண்ணி ஒரு துண்டை விரித்தார். அண்ணன் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு ஜிப்பை ஒரு சாண் மட்டும் இறக்கினார். மரப்பிடி மட்டும் தெரிந்தது. அண்ணி அதில் சந்தனம் வைத்து, குங்குமம் வைத்து, ஒரு முழம் துளசியைச் சுற்றினார். கற்பூரம் காட்டி, எலுமிச்சம்பழத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் முழித்தார். வண்டி என்றால் சக்கரத்துக்கு அடியில் வைப்பார்கள். நான் சிரித்தேன், அண்ணனும் சிரித்துவிட்டார். பக்கத்தில் பைக்குக்குப் பூஜை போட்டவர்களும் எட்டிப்பார்த்துச் சிரித்தார்கள். ஐந்து நிமிஷம்கூட இருக்காது.

அப்படிச் சிரித்தவர்களுக்குப் பின்னால் ஊர்த்தெரு பெரிய வீட்டுக்காரர் நின்றுகொண்டிருந்ததை நான் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. வணக்கம் வைக்கலாமா என்று நான் யோசிப்பதற்குள் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் தெரு முழுக்க எங்கள் வீட்டில்தான் இருந்தது. அண்ணன் யாரையும், பெற்ற பிள்ளைகளைக்கூட, துப்பாக்கியைத் தொட விடவில்லை. அண்ணி ஊரில் உள்ள சர்க்கரையெல்லாம் தீர்ந்துபோகும்படி டீ போட்டார். திங்கட்கிழமை காலை ஆபீசில் காட்ட நாங்கள் கிளம்பிக்கொண்டிருக்கும்போது கான்ஸ்டபிள் சைக்கிளில் வந்து இறங்கினார்.

"பெட்டிஷன் வந்திருக்குங்க. கோயில்ல பக்தர்கள் மத்தியில துப்பாக்கியக் காட்டி மெரட்டுனீங்களாம். பதினாறு பேர் கையெழுத்து. துப்பாக்கிய ஸ்டேஷன்ல வெச்சுட்டு, நாளைக்கு ஆபீசுக்கு விசாரணைக்குப் போயிருங்க."

அண்ணன் துப்பாக்கியை எடுத்துவந்தார். சந்தனம் காய்ந்து அப்படியே இருந்தது. ஒரு ஈரத்துணியால் அதைத் துடைத்து, ரசீதோடும் லைசென்சோடும் கொடுத்துவிட்டு, ஒப்புகைச் சீட்டு எழுதி வாங்கிக்கொண்டார். நாளை மறுநாள் புதன்கிழமை.

கூடாது என்று சொன்ன மனுஷனை வாயடித்துக் கூட்டிப்போனவள் நான். நான் வாழும் ஊரில் அது குற்றமில்லை. என் அண்ணன் வாழும் ஊரில் எது குற்றமாகும் என்று மறந்துபோகிற அளவுக்கு நான் வெளியூர்க்காரி ஆகியிருந்தேன். இதே தப்பை ஊர்த்தெருக்காரர் ஒருத்தர் செய்திருந்தால் பெட்டிஷன் வந்திருக்குமா என்றும் நினைத்தேன். இரண்டும் உண்மைதான். ஒன்றை நினைத்து இன்னொன்றை மறக்க முடியவில்லை.

செவ்வாய்க்கிழமை ஆபீசில் அதிகாரி எங்களை உட்காரச் சொன்னார். கெட்டவர் இல்லை. களைத்துப்போன, நல்லபடியாகப் பேசுகிற மனிதர்.

"கோயிலுக்குக் கொண்டுபோனது உண்மையா?"

பக்கத்தில் நின்ற குமாஸ்தா இருமினார். "ரோட்டு வழியா வூட்டுக்குப் போனப்ப ஆட்டோ நின்னுச்சுன்னு சொன்னாக்கூடப் போதும்" என்று மெதுவாகச் சொன்னார். உதவி செய்யத்தான் சொன்னார்.

"கொண்டுபோனேன் சார்" என்றார் அண்ணன். "யாரையும் மெரட்டல. உறையிலேருந்து வெளிய எடுக்கல. ஆனா கூட்டமான எடத்துக்குக் கொண்டுபோனது தப்பு."

"நான்தான் சார் கூட்டிட்டுப் போனேன், வேண்டாம்னு சொன்னாரு" என்று நான் எழுந்துவிட்டேன்.

"துப்பாக்கி உங்க பேர்ல இல்லியேம்மா" என்றார் அதிகாரி. அப்புறம் அண்ணனைப் பார்த்தார். "மெரட்டுனதா நானும் நம்பல. ஆனா விசாரணைன்னு எடுத்தா மூணு மாசம் ஆவும். வேலை போயிரும். இன்னொரு வழி இருக்கு. துப்பாக்கி வங்கிப் பாதுகாப்பு அறையிலேயே இருக்கும், ஊர் எல்லைக்குள்ள கொண்டுவர மாட்டேன்னு உறுதிமொழி எழுதிக் குடுங்க. பெட்டிஷன் குடுத்தவங்களும் ஒத்துக்கறாங்க. எச்சரிக்கையோட இப்பவே முடிச்சு வுட்டுர்றேன். ஊர் அமைதிக்காகச் சொல்றேன்."

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. "ஊர்த்தெருவுல நாலு வீட்ல செவத்துல துப்பாக்கி தொங்குது சார். அவங்ககிட்டயும் இப்படி எழுதி வாங்குனீங்களா?"

"அது பயிர்ப் பாதுகாப்பு லைசென்ஸ்மா."

"எங்க தெருக்காரன் கையில இருந்தா மட்டும் ஊருக்குப் பாதுகாப்பு இல்லையா?"

அதிகாரி மேஜைமேல் இருந்த பேப்பர்வெயிட்டைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தார். "பாப்பா, ஒக்காரு" என்றார் அண்ணன். பேனா கேட்டார். குமாஸ்தா சொல்லச் சொல்ல, மணி மணியான எழுத்தில் முழுப்பக்கம் எழுதினார். கீழே கையெழுத்துப் போட்டு, அதற்கடியில் முன்னாள் ஹவில்தார் என்று எழுதினார். ஸ்டேஷனுக்கு ஒரு கடிதம் கொடுத்தார்கள். எங்களை அனுப்பும்போது அதிகாரி எழுந்து நின்று அண்ணனுக்குக் கைகொடுத்தார். அண்ணனும் கொடுத்தார்.

வெளியே டீக்கடையில் நின்றோம். நான் அழுதுகொண்டிருந்தேன். ஒன்பது வருஷம் ரத்தத்தில் நின்று வேலை பார்த்தவள்தான். "என்னாலதான்ணே. நான்தான் உன்ன எழுத வெச்சுட்டேன்."

அண்ணன் சட்டைப் பையிலிருந்து மடித்த ஒரு காகிதத்தை எடுத்துக் கொடுத்தார். வங்கி மேனேஜருக்கு அவர் எழுதிய கடிதம். தேதி போன வாரத் திங்கட்கிழமை, நான் வந்து இறங்குவதற்கு இரண்டு நாள் முன்பு. வீட்டில் குழந்தைகள் இருப்பதால், வேலை நேரம் போகத் தன் துப்பாக்கியை வங்கியின் பாதுகாப்பு அறையிலேயே வைத்துக்கொள்ள அனுமதிக்கும்படி கேட்டிருந்தார். புதன்கிழமை வேலையில் சேரும்போது கொடுப்பதற்காக வைத்திருந்தாராம்.

எனக்குக் கண்ணீர் நின்றுவிட்டது. "உள்ள ஏண்ணே இதக் காட்டல? காட்டியிருந்தா எழுதச் சொல்லியிருக்கவே மாட்டாங்களே!"

"காட்டியிருக்கலாம். இத ஃபைல்ல சேத்து, அவனே கேட்டான்னு முடிச்சிருப்பாங்க." டீயைக் குடித்து முடித்து கிளாசை வைத்தார். "இத நான் எம் புள்ளைங்களுக்காக எழுதுனது. உள்ள எழுதிக் குடுத்தது அவங்க எழுத வெச்சது. நாளைக்கு எவனும், கலியபெருமாளு தானா விருப்பப்பட்டு ஊருக்குள்ள கொண்டுவர மாட்டேன்னு எழுதிக் குடுத்தான்னு சொல்லிறக் கூடாது பாப்பா. எழுத வெச்சாங்கங்கறது அந்த ஃபைல்ல கெடக்கட்டும்."

கடிதத்தை என் கையிலிருந்து வாங்கி, நான்காகக் கிழித்து, டீக்கடைக் குப்பைக்கூடையில் போட்டார். அப்புறம் ஸ்டேஷனுக்குப் போய்த் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு, வீட்டுப் பக்கம் போகாமல், அங்கிருந்தே பெரம்பலூர் பஸ் ஏறினார்.